கியர் நாப்பில் கனம் தேடாதீர்கள்

மேனுவல் கார்ப் பிரியர்களிடையே ஒரு நம்பிக்கை யாரும் கேள்வி கேட்காமலே உலவிக்கொண்டிருக்கிறது. கம்பெனி கொடுத்த கியர் நாப்பைக் கழற்றிவிட்டு, கனமான எஃகு உருண்டை ஒன்றை மாட்டினால் கியர் தானாகப் போய் விழுமாம். எவ்வளவு கனமோ அவ்வளவு மென்மையாம். விற்பவர்கள் எடையைத்தான் முதலில் சொல்கிறார்கள், வாங்குபவர்களும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். நாப்பின் உயரம் என்ன, மரை என்ன, வெயிலில் நின்ற காரில் அதைத் தொட முடியுமா என்பதெல்லாம் பின்னால் போய்விடுகின்றன. இந்த வரிசை தலைகீழானது என்பதே என் வாதம். கனம் கியர் மாற்றத்துக்குச் செய்யும் உதவி மிகச் சிறியது. அந்தச் சிறிய உதவியும் பல கார்களில் மருந்தாக இருப்பதில்லை, வலியை மறைக்கும் பூச்சாகவே இருக்கிறது. நாப் மாற்றுவது தவறு என்று நான் சொல்லவில்லை. ஓட்டும் நேரமெல்லாம் கை போய்ப் போய்த் தொடும் பொருள் அது. அதை அக்கறையோடு தேர்ந்தெடுப்பது நல்ல விஷயம். அந்த அக்கறையைத் தராசில் வைத்து வீணாக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போகும் அந்த அரை வினாடியில் கியர்பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால் பாதி வாதம் முடிந்துவிடும். கிளட்சை மிதித்து லிவரை முன்னால் தள்ளுகிறோம். ஸ்பிரிங்கால் அழுத்தப்பட்ட சிறிய குண்டு ஒன்று தன் பள்ளத்திலிருந்து வெளியேறுகிறது. இரண்டாவது கியர் விடுபடுகிறது. நியூட்ரலில் பக்கவாட்டு ஸ்பிரிங் லிவரை நடுப்பாதைக்குக் கொண்டுவருகிறது. மேலும் தள்ளும்போது, கியரைப் பூட்டும் சிலீவ், சிங்க்ரோ வளையத்தை மூன்றாவது கியரின் கூம்பு மேல் அழுத்துகிறது. பெரும்பாலும் பித்தளையால் ஆன அந்த வளையத்தின் பற்கள் இப்போது வழியை மறித்து நிற்கும். கூம்பும் வளையமும் உரசி, இரண்டின் சுழல் வேகமும் ஒன்றாகும்வரை சிலீவை உள்ளே விடாது. வேகம் சமமானதும் மறிப்பு விலகும், கியர் விழும். 1928-இல் கடிலாக் கார்களில் ஏர்ல் தாம்ப்சனின் சிங்க்ரோ அமைப்பு வந்ததிலிருந்து வடிவங்கள் எத்தனையோ மாறிவிட்டன. உரசி வேகத்தைச் சமமாக்குவது என்ற அடிப்படை மாறவில்லை. இதில் முக்கியமான கணம், வளையம் வழிமறித்து நிற்கும் கணம். அப்போது லிவர் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. நின்றுபோன நாப்பிடம் வேகம் இல்லை. வேகம் இல்லாத கனத்துக்கு முன்னால் தள்ளும் சக்தி ஏது? வந்த வேகத்தில் ஒரு தட்டு தட்டுவதோடு அதன் பங்கு முடிந்தது. அதன் பிறகு உரசலை நடத்துவது கையின் தொடர்ந்த அழுத்தம் மட்டுமே.

அந்தத் தட்டின் அளவையும் கணக்குப் போட்டுவிடலாம். ஐந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள கெட்டியான உருண்டையை எடுத்துக்கொள்வோம். டெல்ரின் என்று விற்கப்படும் கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்தால் அது சுமார் 90 கிராம். அலுமினியத்தில் சுமார் 175. டைட்டானியத்தில் 300-க்குச் சற்றுக் கீழே. எஃகில் 500-க்குச் சற்று மேலே. ஆக, லேசான நாப்புக்கும் மிகக் கனமானதற்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ 400 கிராம். லிவரின் தலை பத்து சென்டிமீட்டரை 0.2 வினாடியில் கடக்கிறது என்றால் வேகம் வினாடிக்கு அரை மீட்டர். அந்த வேகத்தில் கூடுதல் 400 கிராம் கொண்டுவரும் உந்தம் 0.2 நியூட்டன்-வினாடி. மறுபக்கம், நான்கு கிலோவைத் தாங்கும் அளவு விசையோடு, அதாவது 40 நியூட்டனோடு, 0.2 வினாடி நேரம் கை அழுத்தினால் அது தருவது 8 நியூட்டன்-வினாடி. கனத்தின் பங்கு நாற்பதில் ஒன்று. பந்தய வேகத்தில் கையை இருமடங்கு விரைவாக வீசினாலும் இருபதில் ஒன்றைத் தாண்டாது. அந்த ஒன்றும் இலவசமாக வரவில்லை. நின்றிருந்த நாப்பை அந்த வேகத்துக்குக் கொண்டுவந்தது அதே கைதான். முதல் பாதியில் கூடுதலாகத் தள்ளியதை இரண்டாம் பாதியில் திரும்பப் பெறுகிறோம், அவ்வளவே.

கையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். முன்கையும் உள்ளங்கையும் சேர்ந்து மனித உடல் எடையில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு. எழுபது கிலோ மனிதருக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. கியர் மாற்றும்போது லிவரோடு சேர்ந்து நகர்வது இந்த எடை. அதற்கு மேல் வரும் 400 கிராம் ஒரு சேர்க்கைதான். இறுகப் பிடித்துத் தள்ளுபவருக்கு அந்தச் சேர்க்கை ஏறக்குறையத் தெரியவே தெரியாது. இரண்டு விரலால் லேசாகத் தள்ளிவிடுபவருக்குத்தான் கொஞ்சம் தெரியும்.

அப்படியானால் கனமான நாப் மாட்டியவர்கள் எல்லாரும் பொய்யா சொல்கிறார்கள்? இல்லை. அவர்கள் உணரும் வித்தியாசம் உண்மையானது. அதற்குச் சொல்லும் காரணம்தான் தவறு. கனம் ஒரு காரியத்தை நன்றாகவே செய்யும். லிவர் வழியாக மேலே ஏறிவரும் சிறுசிறு அதிர்வுகளை, பற்கள் ஒன்றன்மேல் ஒன்று தட்டும் நுண்ணிய நெருடல்களை, அது மழுங்கடிக்கும். கை அதை மென்மை என்று படிக்கிறது. இன்னொன்றையும் மறக்கக் கூடாது: புது நாப் வாங்குபவர் எடையை மட்டும் தனியாக மாற்றுவதில்லை. உயரம், விட்டம், பிடி, மேற்பரப்பு எல்லாம் ஒரே நாளில் மாறிவிடுகின்றன. ஐந்து விஷயத்தை மாற்றிவிட்டு, கிடைத்த பலன் முழுவதையும் ஒன்றின் கணக்கில் எழுதுவது சோதனை ஆகாது. ஒரே உயரம், ஒரே வடிவம், வெவ்வேறு எடை என்று வைத்து ஒப்பிட்டால்தான் எடையைப் பற்றிப் பேச முடியும்.

எதிர்வாதங்களில் வலுவானது ஹோண்டாவிடமிருந்து வருகிறது. 2020-இல் மேம்படுத்தப்பட்ட சிவிக் டைப் ஆர் காரில் அந்த நிறுவனமே பழைய வட்ட நாப்பை எடுத்துவிட்டு, கண்ணீர்த்துளி வடிவ நாப்புக்குள் 90 கிராம் எதிர்எடை ஒன்றை வைத்தது. கியர் மாற்றும் உணர்வு மேம்படும் என்றும் அறிவித்தது. தயாரிப்பாளரே கனத்தை நம்பும்போது மறுக்க நீங்கள் யார் என்று கேட்கலாம். அந்த எண்ணைக் கவனியுங்கள் என்பதே என் பதில். சேர்த்தது 90 கிராம், 400 அல்ல. கேபிள், ஸ்பிரிங், புஷ், லிவரின் நீளம் அனைத்தையும் தங்கள் கையில் வைத்திருப்பவர்கள், அந்த ஒரு பெட்டிக்கு என்று அளந்து சேர்த்த எடை அது. எடை கூடக் கூட நல்லது என்பது விதியானால் அவர்கள் 90-இல் நின்றிருக்க மாட்டார்கள். வடிவத்தையும் அதே கையோடு மாற்றினார்கள் என்பதும் கவனத்துக்குரியது. இதே ஹோண்டா 1992-இன் என்எஸ்எக்ஸ் டைப் ஆர் காரிலும் 1995-இன் இன்டெக்ரா டைப் ஆர் காரிலும் டைட்டானியம் நாப் வைத்தது. எஃகின் அடர்த்தியில் பாதியைச் சற்றே தாண்டும் உலோகம் அது. அந்த இரண்டு கார்களையும் கியர் சரியாக விழாதவை என்று யாரும் குறை சொல்லிக் கேட்டதில்லை.

இன்னும் பின்னால் போனால் போர்ஷே 917. 1970-லும் 1971-லும் லெ மான் பந்தயத்தை வென்ற அந்தக் காரின் கியர் நாப் பால்சா மரத்தால் ஆனது. மரங்களிலேயே மிக லேசானவற்றில் ஒன்று பால்சா. காரின் மொத்த எடையைக் கிராம் கிராமாகக் குறைக்கும் முயற்சியில் எடுத்த முடிவு அது. கியர் உணர்வுக்காக எடுத்ததல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாப்பில் கனம் இல்லாவிட்டால் கியர் மாற்றம் கெட்டுவிடும் என்பது உண்மையானால், 24 மணி நேரம் ஓயாமல் கியர் மாற்ற வேண்டிய காரில் அந்த முடிவை எடுத்திருக்க முடியாது. அதன் நினைவாகத்தான் பிற்காலத்தில் கரேரா ஜிடி காரிலும் போர்ஷே அடுக்கு மர நாப்பை வைத்தது.

கனத்தின் ரசிகர்கள் பார்க்க மறந்த இடம் ஒன்று பானட்டுக்குக் கீழே இருக்கிறது. கேபிளால் இயங்கும் பல கியர்பெட்டிகளில், பெட்டியின் மேலேயே, செலக்டர் கையில் ஒரு வார்ப்பு எடை பொருத்தப்பட்டிருக்கும். நெருடலைக் குறைக்கத் தயாரிப்பாளர் வைத்த எடை அது. அதாவது கனம் செய்ய வேண்டிய வேலையை, செய்ய வேண்டிய இடத்தில், வேண்டிய அளவில் ஏற்கெனவே செய்துவைத்திருக்கிறார்கள். ஃபோக்ஸ்வாகன் கார்களை மாற்றியமைக்கும் ஆர்வலர்களில் ஒரு சாரார் இந்த எடையைக் கழற்றியோ வெட்டியோ எறிகிறார்கள், கியர் இன்னும் கூர்மையாக விழும் என்று. இன்னொரு சாரார் லிவரின் தலையில் எடையைச் சேர்க்கிறார்கள், கியர் இன்னும் மென்மையாக விழும் என்று. இருவரும் முன்னேற்றம் என்றே சொல்கிறார்கள். கூர்மையையும் மென்மையையும் ஒரே நேரத்தில் பெற முடியாது. எது வேண்டும் என்பது ருசி. ருசியைப் பொறியியல் விதியாக்கி அடுத்தவருக்கு விற்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

எடையை விடப் பல மடங்கு வேலை செய்வது உயரம். லிவர் ஒரு நெம்புகோல். சுழலும் மையத்திலிருந்து நாப்வரை 25 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், கை மூன்று சென்டிமீட்டர் கீழே இறங்குமாறு குட்டையான நாப் மாட்டும்போது கை நகரும் தூரம் 12 சதவீதம் குறையும். தள்ள வேண்டிய விசை ஏறக்குறைய 14 சதவீதம் கூடும். மூன்று சென்டிமீட்டர் உயர்த்தினால் இதற்கு நேர்மாறு. இந்த மாற்றம் கியர் பயணம் முழுவதிலும், சிங்க்ரோ வழிமறிக்கும் அந்தக் கணத்திலும்கூட நீடிக்கிறது. 400 கிராம் கனம் அதிகபட்சம் ஐந்து சதவீதத்தை, அதுவும் ஒரு நொடிப்பொழுது தரும் இடத்தில், மூன்று சென்டிமீட்டர் இதைத் தருகிறது. கியர் கடினமாக இருக்கிறது என்று புலம்பிவிட்டு, கனமானது என்பதற்காகக் குட்டையான எஃகு உருண்டையை வாங்கி மாட்டுபவர், தன் குறையைத் தன் கையாலேயே பெரிதாக்கிக்கொள்கிறார். உயரம் கையின் நிலையையும் தீர்மானிக்கிறது: ஸ்டியரிங்கிலிருந்து கை எவ்வளவு கீழே போக வேண்டும், ஐந்தாவது கியருக்கு முழங்கை எவ்வளவு நீள வேண்டும், உள்ளங்கையால் தள்ளுகிறோமா விரல்களால் இழுக்கிறோமா என்பதெல்லாம் அதிலிருந்தே வருகின்றன.

என்னை உண்மையில் கவலைப்பட வைப்பது வேறு. கியர் நன்றாக விழும் காருக்குக் கனமான நாப்பைத் தேடுபவர்கள் குறைவு. கியர் இறுகிப்போன, சிக்கிக்கொள்ளும், கறகறக்கும் கார்களின் சொந்தக்காரர்கள்தான் அதைப் பெரிதும் நாடுகிறார்கள். அந்தக் குறைகள் எதுவும் நாப்பில் பிறந்தவை அல்ல. இன்ஜினை அணைத்துவிட்டுக் கிளட்சை மிதித்து எல்லா கியரும் போட்டுப் பார்க்கலாம். அணைத்திருக்கும்போது எளிதாக விழுந்து, ஓடும்போது மட்டும், குறிப்பாக முதல் கியரும் ரிவர்ஸும் இறுகினால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்று அர்த்தம். ஹைட்ராலிக் குழாயில் காற்று புகுந்திருக்கலாம், கேபிள் இழுபட்டிருக்கலாம், பிளேட் வளைந்திருக்கலாம். அணைத்த நிலையிலும் இறுகினால் கேபிளையோ அதன் பிளாஸ்டிக் புஷ்ஷையோ லிங்கேஜையோ பார்க்க வேண்டும். ஒரே ஒரு கியர் மட்டும் கறகறத்தால் அந்தக் கியரின் சிங்க்ரோ தேய்ந்திருக்கிறது. காலைக் குளிரில் இறுகி, பத்து நிமிடம் ஓடிய பிறகு இளகினால் சந்தேகப்பட வேண்டியது கியர் ஆயில். ஆயிலில் இன்னொரு கண்ணியும் உண்டு. கியர் ஆயில் வகைக் குறியீடுகளில் ஜிஎல்-5 என்பது ஜிஎல்-4-ஐவிட உயர்ந்த எண் என்பதால் உயர்ந்த தரம் என்று நினைத்து ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். ஜிஎல்-5-இல் கடும் அழுத்தத்துக்கான கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் கூடுதல். ஆக்சிலுக்கு நல்லதான அந்தச் சேர்மங்கள் பித்தளை சிங்க்ரோவைப் பாதிக்கக்கூடும். தவிர, உரசியே வேலை செய்ய வேண்டிய கூம்புக்கு அளவு மீறிய வழுக்கல் ஆகாது. காரின் கையேடு எதைச் சொல்கிறதோ அதைத்தான் ஊற்ற வேண்டும்.

இவற்றில் எந்தக் குறையானாலும் கனமான நாப் அதைச் சரிசெய்யாது, தெரியாமல் செய்யும். கையில் படும் நெருடல் பெட்டி அனுப்பும் செய்தி. இன்று லேசாக உரசும் சிங்க்ரோ நாளை பெட்டியை இறக்கும் செலவாக வரும் என்பதை முதலில் அறிவது கை. கனம் அந்தச் செய்தியை மழுங்கடித்து, ஆறு மாதம் கழித்து மெக்கானிக்கின் வாயால் கேட்க வைக்கிறது. கனமான நாப்பே சிங்க்ரோவைத் தின்றுவிடும் என்று மறுதரப்பில் சிலர் பயமுறுத்துவதையும் நான் ஏற்கவில்லை. மேலே போட்ட கணக்கின்படி அது உதவ முடிகிற அளவு எவ்வளவு சிறியதோ, கெடுக்க முடிகிற அளவும் அவ்வளவே சிறியது. கடுமையான பிரேக்கில் அரைக் கிலோ நாப் லிவரை முன்னால் இழுக்கும் விசை ஐந்து நியூட்டனுக்குள்தான். நல்ல நிலையில் உள்ள பெட்டியில் அது கியரை வெளியே தள்ளாது. கையை எந்நேரமும் நாப் மேல் சாய்த்து வைத்திருப்பது அதைவிடக் கெட்ட பழக்கம். அந்த அழுத்தம் செலக்டர் ஃபோர்க்கைத் தேய்க்கும் என்று கார்க் கையேடுகள் பல வெளிப்படையாகவே எச்சரிக்கின்றன. உள்ளங்கை நிறையும் குளிர்ந்த எஃகு உருண்டை கையை அங்கேயே தங்கச் சொல்லி அழைக்கும் பொருள் என்பதையும் யோசிக்க வேண்டும்.

குளிர்ந்த எஃகு என்றேன். நம் ஊரில் அது எத்தனை மணி நேரம் குளிர்ந்திருக்கும்? அரிசோனாவில் கோடையில் செய்யப்பட்டு 2018-இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற கார்களின் டாஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸ், ஸ்டியரிங் 53 டிகிரி, இருக்கை 51 டிகிரி எட்டியிருந்தன. சித்திரை வெயிலில் வேலூரிலோ திருச்சியிலோ நிழலில்லாமல் நிறுத்திய காருக்கும் ஏறக்குறைய இதே கதிதான். அந்த வெப்பநிலையில் எந்தப் பொருளைத் தொடுகிறோம் என்பது மிக முக்கியம். அலுமினியம் துருப்பிடிக்காத எஃகைவிடப் பத்து மடங்குக்கு மேல் விரைவாக வெப்பத்தைக் கைக்குக் கடத்தும். பிளாஸ்டிக் கடத்துவது எஃகில் ஐம்பதில் ஒரு பங்கு. ஒரே சூட்டில் இருந்தாலும் டெல்ரினும் மரமும் தோலும் தொடக்கூடியவையாக இருக்க, உலோகம் சுடும். கனமான உலோகத்துக்கு இன்னொரு குறையும் உண்டு: அது சேர்த்துவைத்த சூடு ஏசி போட்ட பிறகும் சீக்கிரம் இறங்காது. குளிர் நாடுகளில் எழுந்த ரசனையை அப்படியே இறக்குமதி செய்துவிட்டு, கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு கியர் போட வேண்டியதில்லை.

பொருத்தம் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த விவாதம் முழுமையாகாது. ஹோண்டாவின் பெரும்பாலான லிவர்களில் மரை எம்10×1.5, மாஸ்டா, நிசான் கார்கள் பலவற்றில் எம்10×1.25, டொயோட்டாவில் எம்12×1.25. பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் ஒன்று மற்றொன்றில் ஏறாது. வலுக்கட்டாயமாக ஏற்றினால் லிவரின் மரையே போய்விடும். எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் நாப்புகளில் மரையே இருக்காது. உள்ளே ஒரு பிளாஸ்டிக் உறை, பக்கவாட்டில் ஆலன் கீயால் இறுக்கும் மூன்று சின்ன ஸ்குரூக்கள், அவ்வளவுதான் அதன் பிடி. நாள்பட்ட அதிர்வில் ஸ்குரூ தளரும், உறை நசுங்கும், நாப் சுழலும், ஆடும். அரைக் கிலோ எடை அந்த மூன்று ஸ்குரூக்களின் மேல் ஆடுகிறது என்றால் தளர்வது இன்னும் விரைவாகும். முந்திச் செல்லும் நடுவில் நாப் கையோடு வந்துவிட்டால் மென்மையைப் பற்றிப் பேச நேரம் இருக்காது. ரிவர்ஸுக்கு நாப்பின் கீழுள்ள வளையத்தைத் தூக்க வேண்டிய ஹூண்டாய் கிரெட்டா போன்ற கார்களில் இன்னும் கவனம் தேவை. அந்த வளையம் முழுதாக மேலே எழ இடம் விடாத நாப்பை மாட்டினால் ரிவர்ஸே விழாது. வளையத்தைக் கட்டிப்போட்டு மாட்டினால் ஓட்டத்தில் ரிவர்ஸ் பக்கம் கை போவதைத் தடுக்கும் காவல் போய்விடும். லிவரைக் கீழே அழுத்தி ரிவர்ஸ் போடும் ஃபோக்ஸ்வாகன் போலோ போன்றவற்றில் நாப் மரையில் நிற்பதில்லை என்பதால் அதற்கென்றே செய்த நாப் அல்லாமல் வேறு எதுவும் சரிவராது.

கடைசி எதிர்வாதம் எளிமையானது: கையில் கனமாக ஏதோ இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது, அதில் உங்களுக்கு என்ன? எதுவும் இல்லை. பிடித்தால் மாட்டலாம், பிடித்திருக்கிறது என்பது முழுமையான காரணம், அதற்கு இயற்பியலின் சிபாரிசு தேவையில்லை. ஆனால் வாங்கப் போகும் முன் பழைய நாப்பைக் கழற்றி, லிவரின் மரையை அளந்து, லிவரைச் சுற்றிய உறைக்கு மேல் அதன் உயரத்தையும் குறித்துக்கொண்டு போங்கள். கிராம் கணக்கு மட்டும் அச்சடித்து, மரையையும் உயரத்தையும் சொல்லாத பெட்டியை அங்கேயே வைத்துவிடலாம். கியர் இறுகுகிறது என்பதற்காகத்தான் போகிறீர்கள் என்றால், உதிரிபாகக் கடைக்குப் போகும் முன் கிளட்ச் பார்க்கும் மெக்கானிக்கிடம் போங்கள்.